ஸக்கராத்தும் அளவுகோலும்

தாமிரபரணிக் கரையோரத்து முஸ்லிம் இல்லங்களில் ஒரு சொல் எப்போதும் தாழ்ந்த குரலில்தான் உச்சரிக்கப்படும். பல நாட்களாகப் படுக்கையில் கிடக்கும் பெரியவர் திடீரெனப் புரளத் தொடங்குகிறார். போர்வையை இழுத்தெறிகிறார்; அறையில் இல்லாத ஒருவருடன் பேசுகிறார்; அவர் கைகள் காற்றில் எதையோ தேடுகின்றன. வீட்டின் மூத்த பெண்மணி அருகில் வந்து பார்த்துவிட்டு, "ஸக்கராத்து தொடங்கிவிட்டது" என்கிறார். அச்சொல் விழுந்த மாத்திரத்தில் வீட்டின் ஒழுங்கே மாறிவிடும். யாசீன் ஓதும் குரல் எழும். வெளியூரில் உள்ள மக்களுக்குச் செய்தி பறக்கும். மருந்துப் புட்டிகள் ஓரமாக ஒதுக்கப்படும். மேலப்பாளையத்தின் பழைய நெசவுத் தெருக்களிலும், பாய் முடையும் பத்தமடையிலும், சிற்றாற்றுப் பாசனத்துக் கடையநல்லூரிலும் இதுவே வழக்கம்.

இச்சொல்லின் மூலம் திருக்குர்ஆனின் காஃப் அத்தியாயத்தில் இருக்கின்றது. அரபியில் அதன் வேர் போதையையும் மயக்கத்தையும் குறிப்பதாகும். நாமோ வழக்கில் அதை வேதனை, போராட்டம், மூச்சுத் திணறல், பிதற்றல், நினைவிழப்பு ஆகிய யாவற்றுக்கும் ஒரே பெயராக ஆக்கிக்கொண்டோம். தமிழ் மருத்துவத்திலும் இதற்கு ஒப்பான ஒரு சொல் உண்டு. "சன்னி பிறந்துவிட்டது" என்று சொன்னால் அதற்குமேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆயினும் சித்த மருத்துவர்கள் சன்னியை ஒரே நோயாகக் கருதவில்லை. குறிகளைக் கொண்டு அதனைப் பல வகையாகப் பிரித்தே கண்டனர். பொதிகையின் அடிவாரத்தில், 1964இல் பாளையங்கோட்டையில் அரசினர் சித்த மருத்துவக் கல்லூரி தோன்றிய மண்ணில் வாழும் நாம் இதை நினைவிற்கொள்வது தகும்.

அந்த ஒற்றைச் சொல்லுக்குள் அடைபட்டுக் கிடந்தவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, அளந்து, எண்ணாகக் குறித்து, செவிலியர் கையில் ஒப்படைத்ததற்கு ஒரு வரலாறு இருக்கின்றது. அது பெரும்பாலும் நம் காலத்திலேயே நிகழ்ந்த வரலாறு. மிகச் சிலரே அறிந்த வரலாறு. அதனையே ஈண்டுக் கூற முற்படுகின்றோம்.

அளவுகோல் பிறப்பதற்கு ஏறக்குறைய 1000 ஆண்டுகளுக்கு முன்னரே கேள்வி பிறந்துவிட்டது. கி.பி. 1037இல் மறைந்த இப்னு ஸீனா தமது "கானூன்" நூலில் வலியை 15 வகையாகப் பிரித்தார். வலியைத் தணிக்கும் வழிகளைக் கூறுமிடத்தில், உணர்வை மரக்கச் செய்யும் மருந்துகளுள் வலிமை மிக்கது அபின் என்றார். உடனே ஓர் எச்சரிக்கையும் தந்தார். வலியினால் விளையும் கேடு பெரிதா, மருந்தின் மரப்பினால் விளையும் கேடு பெரிதா என்பதை மருத்துவன் நிறுத்துப் பார்க்க வேண்டும் என்பது அவர் கருத்து. மருந்தின்றி வலியை மறக்கச் செய்யும் வழிகளாக மென்மையான நடை, இனிய இசை, மனத்தை ஈர்க்கும் வேலை ஆகியவற்றையும் அவர் குறித்திருக்கிறார். பின்னாளில் 1488இல் உதுமானிய சுல்தான் இரண்டாம் பாயஸீத் எதிர்னே நகரில் கட்டிய மருத்துவமனையில், மனங்கலங்கிய நோயாளிகளுக்காக வாரம் மும்முறை இசைவாணர் வந்து வாசித்ததைப் பயணி எவ்லியா செலெபி 17ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்தார். கலங்கியவரைக் கட்டிப்போடுவது ஒன்றே வழி என்று நம் முன்னோர் எண்ணவில்லை என்பதற்கு இஃது ஒரு சான்று.

நிறுத்துப் பார்க்கச் சொன்னார் இப்னு ஸீனா, சரி. ஆனால் எந்தத் தராசில் நிறுப்பது? அத்தராசு கிடைக்க 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இடையில் மருந்தின் கதை தனியே நடந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செர்ட்டியூர்னர் என்னும் ஜெர்மானிய மருந்தாளர் அபினிலிருந்து மார்ஃபினைப் பிரித்தெடுத்தார். 1967இல் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கினார். செவிலியாகவும், மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும், பின்னர் மருத்துவராகவும் பயின்றவர் அவர். வலி வந்தபின் மருந்து கொடுப்பதைவிட, வலி வருமுன் குறித்த நேரத்தில் வாய்வழியே மார்ஃபின் கொடுப்பது மேல் என்று அவர் நடைமுறையில் காட்டினார். உடல், மனம், குடும்பம், ஆன்மா ஆகிய நான்கையும் தொட்டு வருவதே முழுமையான வலி என்பதும் அவர் வகுத்த கருத்தேயாகும்.

நம் நாட்டின் நிலைமை விந்தையானது. மத்தியப் பிரதேசத்து நீமச்சிலும் உத்தரப் பிரதேசத்துக் காசிப்பூரிலும் அரசினரே அபின் ஆலைகளை நடத்துகின்றனர். அவ்வாறிருந்தும் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் வந்தபின், தண்டனைக்கும் உரிமப் படிவங்களுக்கும் அஞ்சி மருத்துவமனைகள் மார்ஃபினையே கைவிட்டன. 1985இல் 716 கிலோவாக இருந்த மருத்துவ மார்ஃபின் பயன்பாடு 1997இல் 18 கிலோவாகச் சுருங்கியது. ஒரு தலைமுறை மருத்துவர்கள் அம்மருந்தைக் கையால் தொடாமலே பட்டம் பெற்று வெளிவந்தனர். நாடாளுமன்றம் அச்சட்டத்தைத் திருத்தி வழியை எளிதாக்கியது 2014இல்தான். இடைப்பட்ட 29 ஆண்டுகளில் துடித்து மாண்டவர்களின் கணக்கை யார் எழுதுவது?

அவ்விருளில் மலைக்கு அப்பாலிருந்தே வெளிச்சம் வந்தது. 1986இல் பம்பாயில் சாந்தி அவேத்னா இல்லம் தோன்றியிருந்தது. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் எம். ஆர். ராஜகோபால், சுரேஷ்குமார் முதலிய மருத்துவர்கள் வலிநீக்கு மற்றும் நோய் ஆதரவுக் கழகத்தைத் தொடங்கினர். அவ்வியக்கம் விரைவில் மருத்துவமனைச் சுவர்களைத் தாண்டிற்று. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மலப்புறம் மாவட்டத்தில் ஊர்மக்களே தொண்டர்களாகப் பயிற்சி பெற்றுச் சிறுதொகை திரட்டி, செவிலியருடன் வீடு வீடாகச் சென்று நோயாளிகளைக் கவனிக்கும் அண்டைவீட்டு வலையமைப்பாக அது வளர்ந்தது. 2008இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது.

நெல்லைச் சீமைக்கு இஃது அயலார் கதை அன்று. 1965இல் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி வந்தபின்னரும், புற்றுநோய் என்றவுடன் நம் மக்கள் நாகர்கோவில் வழியாகவோ செங்கோட்டை வழியாகவோ மலையைச் சுற்றிக்கொண்டு திருவனந்தபுரத்துக்கே சென்றனர். 1981இல் அங்கு நிறுவப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையத்தின் வாயிலில் தமிழ் கேட்காத நாளில்லை. அந்நகரில் 2003இல் தோன்றிய பேலியம் இந்தியா அமைப்பின் பயிற்சி நிலையம் 2012இல் உலக சுகாதார நிறுவனத்தின் கூட்டுப்பணி மையமாக ஏற்கப்பட்டது. பல மாநிலத்து மருத்துவரும் செவிலியரும் அங்கு வந்து பயில்கின்றனர்.

இனி அளவுகோலுக்கு வருவோம். அது பிறந்த இடம் மரணப் படுக்கையன்று. தீவிர சிகிச்சைப் பிரிவு. 1974இல் லண்டனில் மைக்கேல் ராம்சே என்னும் மருத்துவரும் அவருடைய தோழர்களும் செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தோருக்கு ஒரு மயக்க மருந்தை அளந்து கொடுக்க முயன்றனர். நோயாளி எவ்வளவு ஆழத்தில் உறங்குகிறார் என்பதைக் குறிக்க அவர்களுக்கு ஒரு முறை தேவைப்பட்டது. ஆறு படிகள் வகுத்தனர்: விழிப்பில் மூன்று, உறக்கத்தில் மூன்று. உரத்த ஒலியாலோ புருவ நடுவில் மெல்லத் தட்டியோ உறக்கத்தின் ஆழத்தைச் சோதித்தனர். எளிய முறை, உலகெங்கும் பரவியது. ஆயின் அதில் ஒரு குறை. பதற்றம், பரபரப்பு, வெறி யாவும் முதற்படி ஒன்றிலேயே அடைக்கப்பட்டன. நம் வீட்டுப் பெண்மணி ஸக்கராத்து என்ற ஒரு சொல்லில் அடக்கியதை லண்டன் மருத்துவர் 1 என்ற ஓர் எண்ணில் அடக்கினார் என்று கொள்ளலாம்.

அக்குறையை நீக்கியவர்கள் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்ட் நகரத்தார். மருத்துவர், செவிலியர், மருந்தாளர் கூடி ஆக்கிய அவர்களது அளவுகோல் 2002இல் வெளியாயிற்று. அதன் நடுவில் சுழி நிற்கிறது. சுழி என்றால் விழிப்பும் அமைதியும். அதற்கு மேலே நான்கு படிகள்: நிம்மதியின்மை, பரபரப்பு, குழாய்களைப் பிடுங்கும் பெரும் பரபரப்பு, அருகிலிருப்போரையே தாக்கும் வெறி. கீழே ஐந்து படிகள். குரல் கேட்டுக் கண் திறந்து 10 வினாடிக்குக் குறையாமல் நம்மை நோக்கினால் கழித்தல் 1. அதற்குள் கண் சொருகினால் கழித்தல் 2. அசைந்தோ கண் திறந்தோ, ஆனால் நம்மை நோக்காவிடில் கழித்தல் 3. குரலுக்கு அசையாமல் தொட்டால் மட்டும் அசைந்தால் கழித்தல் 4. எதற்கும் அசையாவிடில் கழித்தல் 5. முதலில் பார், பின் அழை, கடைசியில் தொடு. முறை இவ்வளவே. கருவி வேண்டாம், மின்சாரம் வேண்டாம்; அரை நிமிடம் போதும்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளியின் நெஞ்செலும்பை விரல் முட்டியால் அழுத்தித் தேய்த்துச் சோதிப்பார்கள். பிழைக்க வேண்டியவருக்கு அது பொருந்தலாம்; விடைபெறப் போகிறவரை அவ்வாறு நோகச் செய்வது தகுமா? கனடாவின் ஆட்டவா நகரத்து நோய் ஆதரவு மருத்துவர்கள் இதை எண்ணிப் பார்த்தனர். 2014இல் அவர்கள் வெளியிட்ட திருத்திய அளவுகோலில் நெஞ்சைத் தேய்ப்பது நீக்கப்பட்டது. தோளை மென்மையாக அசைப்பது அதனிடத்தில் வைக்கப்பட்டது. சுவாசக் கருவி பற்றிய குறிப்புகளும் போயின. படுக்கையிலிருந்து இறங்க முயல்வது போன்ற, இறுதிநாள் நோயாளியிடம் உண்மையில் காணும் செயல்கள் சேர்க்கப்பட்டன. செவிலியர் தாமே பயிலத்தக்க பாடமும் அமைக்கப்பட்டது. எழுத்தில் சிறிய திருத்தங்களே. ஆயினும் இவ்வரலாற்றில் நம் நெஞ்சை மிகவும் தொட்ட இடம் இதுதான்.

பயிற்சி எதற்கு என்று கேட்கலாம். அரை நிமிட வேலையைக் கற்க வகுப்பா? இரண்டு செவிலியர் ஒரே நோயாளியை ஒரே நேரத்தில் தனித்தனியே பார்த்து எண் இட்டு, பின்னர் ஒப்பிடும்போதுதான் விடை தெரிகிறது. ஒருவர் "சற்றுத் துடிப்பாக இருக்கிறார்" என்பதை மற்றவர் "கட்டுக்கடங்கவில்லை" என்கிறார். பகலில் வந்தவர் ஒரு சொல்லையும் இரவில் வந்தவர் வேறொரு சொல்லையும் எழுதினால், மருந்தினால் பயன் விளைந்ததா என்பதை மூன்றாமவரால் அறிய இயலாது. சொல் ஆளுக்கு ஆள் மாறும். பயின்ற கண் இட்ட எண் அத்துணை மாறாது.

பயிற்சியின் அடுத்த பாடம், எண் நோயைச் சொல்லாது என்பது. கூட்டல் 2 என்று குறித்தவுடன் ஊசியைத் தேடுகிறவர் பாதிப் பாடமே படித்தவர். ஏன் இந்தப் பரபரப்பு என்று அவர் கேட்டாக வேண்டும். அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தால் சிறுநீர் அடைத்துக் கல்லாக இருக்கலாம். மலம் இறுகி நாட்கள் பலவாகியிருக்கலாம். வலி மருந்தின் வேளை தவறியிருக்கலாம். காய்ச்சல், நீர் வற்றுதல், இரத்தத்தில் சுண்ணச்சத்து மிகுதல், பிராணவாயுக் குறைவு என்று காரணங்கள் பல. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு வழக்கமான அளவு மார்ஃபின் கொடுத்தால் அதன் கழிவுப் பொருள்கள் தங்கி மூளையைக் கலக்கும். இவற்றையெல்லாம்விட வஞ்சகமானது ஒன்றுண்டு. மனக்குழப்பத்துக்கும் வாந்திக்கும் கொடுக்கும் சில மருந்துகளே இருக்கவும் நிற்கவும் ஒட்டாத உடல் தவிப்பை உண்டாக்கும். அதை நோய் என்று கருதி அம்மருந்தையே கூட்டினால் தவிப்பும் கூடும். ஒரு சிறுநீர்க் குழாயால் அரை நாழிகையில் அடங்கக்கூடிய துடிப்பை ஸக்கராத்து என்று எண்ணி நாம் சுற்றி நின்று ஓதிக்கொண்டிருந்தால், ஓதுதலின் நன்மை ஒருபுறமிருக்க, அப்பெரியவருக்கு நாம் இழைப்பது என்ன?

எதிர்முனையில் இன்னொரு பொறி. சத்தமின்றிக் கிடப்பவரை "நல்ல பிள்ளையாக உறங்குகிறார்" என்று விட்டுவிடுவார்கள். குழப்பம் கூச்சலிட்டுத்தான் வரும் என்பதில்லை, ஊமையாகவும் வரும். உள்ளே அச்சமூட்டும் காட்சிகளைக் கண்டுகொண்டே வெளியே அசையாமல் கிடப்போர் உண்டு. சுழிக்குக் கீழேயும் படிகள் இருப்பதன் அருமை இங்கு விளங்கும். 2013இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, இறுதி வாரங்களிலும் இறுதி மணிகளிலும் மனக்குழப்பம் காணப்பட்டோர் 100க்கு 59 முதல் 88 பேர் என்று கணக்கிட்டது.

மருந்துகளைப் பற்றியும் அளவுகோல் நம் எண்ணத்தைத் திருத்தியது. பெல்ஜியத்தில் பால் ஜான்சனின் ஆய்வுக்கூடத்தில் 1958இல் கண்டுபிடிக்கப்பட்ட ஹாலோபெரிடால், குழப்பத்துக்கு எங்கும் கொடுக்கப்பட்டு வந்தது. 2017இல் ஆஸ்திரேலியாவில் 247 நோயாளிகளிடம் நடந்த சோதனையில், அம்மருந்தோ அதன் இனத்ததான ரிஸ்பெரிடோனோ பெற்றவர்களைவிட, வெறும் நீர்மம் பெற்று நல்ல கவனிப்பில் இருந்தவர்களே தெளிவாக இருந்தனர். அதே ஆண்டு அமெரிக்காவின் ஹூஸ்டனில், முற்றிய புற்றுநோயில் கடும் பரபரப்புற்றவர்களுக்கு ஹாலோபெரிடாலுடன் லோராஸிபாம் சேர்த்துக் கொடுத்தபோது பரபரப்பு நன்கு தணிந்தது. தணிவை அளக்க அவர்கள் கையாண்டது ரிச்மண்ட் அளவுகோலையே. முரண்போல் தோன்றும், முரணன்று. இலேசான குழப்பத்துக்கு விளக்கொளியும், மூக்குக் கண்ணாடியும், பழகிய குரலும் முதல் மருந்து. எதற்கும் அடங்காத இறுதிநாள் துடிப்புக்கு மருந்து வேண்டும். இவ்விரண்டையும் பிரித்தறியவே படிகள்.

இப்போது நம் வீட்டார் மனத்தை உறுத்தும் கேள்விக்கு வருகின்றோம். உறங்க வைக்கும் ஊசி போட்டால் வாப்பா எப்படிக் கலிமாச் சொல்வார்? அறியாமை என்று இதனைத் தள்ளுவோரும் உளர். நாம் தள்ள மாட்டோம். இறுதி மூச்சில் நாவில் கலிமா இருக்க வேண்டும் என்பது ஒரு முஸ்லிமின் வாழ்நாள் ஆசை. அந்த ஆசைக்காக அவர் வலியைப் பொறுக்கவும் சித்தமாயிருக்கலாம். அஃது அவரது உரிமை. ஊசி உயிரைக் குறைக்குமோ என்ற அச்சமும் கூடவே எழும். 1981இல் குவைத்தில் கூடிய இஸ்லாமிய மருத்துவ மாநாட்டின் ஒழுக்க விதிகள் கருணைக் கொலையை மறுத்தன. மீளாத நோயாளியை வீண் முயற்சிகளால் பற்றி வைத்திருப்பதையும் வேண்டாம் என்றன. ஐரோப்பிய நோய் ஆதரவுச் சங்கம் 2009இல் வகுத்த நெறிகளும், துன்பம் தணிவதற்கு எவ்வளவு உறக்கம் வேண்டுமோ அவ்வளவே, அதற்கு மேல் இல்லை என்பதையே அடிப்படையாகக் கொண்டன. "அவ்வளவே" என்பதை எப்படி அறிவது? எண்ணால்தான். நோயாளியும் குடும்பத்தாரும் கேட்டுக்கொண்டால், அழைத்தால் கண் திறக்கும் கழித்தல் 1இலேயே நிறுத்தி வைக்க முயலலாம். மருந்து கொடுக்குமுன் ஓர் எண், பின் ஓர் எண். ஆழம் மிகுந்தால் குறைக்கலாம். அளவுகோல் இல்லாத இடத்தில் உறக்கம் ஒரே கறுப்புத் திரை. அளவுகோல் உள்ள இடத்தில் அதற்குப் படிகள் உண்டு. எந்தப் படியில் நிற்பது என்பதைக் குடும்பத்தார் மருத்துவருடன் அமர்ந்து பேசலாம்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய் ஆதரவுச் சிகிச்சையும் ஓர் அங்கம். வீட்டு வாசலுக்கு வரும் செவிலியருக்கு அருகில் மருத்துவர் இல்லை, ஆய்வுக்கூடம் இல்லை. அம்பாசமுத்திரத்திலோ சேரன்மகாதேவியிலோ மானூரிலோ ஒரு பீடித் தொழிலாளியின் சிறிய அறையில், தொலைபேசியில் மருத்துவரை அழைக்கும்போது, "ரொம்பக் கஷ்டப்படுகிறார் டாக்டர்" என்று சொல்வதற்கும், "காலையில் சுழியில் இருந்தார், இப்போது கூட்டல் 2, சிறுநீர் நேற்று மாலையிலிருந்து கழியவில்லை" என்று சொல்வதற்கும் உள்ள தொலைவு பெரிது. இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லக் கற்பிப்பதே பயிற்சி.

கற்பிக்கையில் ஊர் வழக்கமும் பார்க்க வேண்டியிருக்கிறது. நோயாளியைப் பெயர் சொல்லி அழைக்கச் சொல்கிறது அளவுகோல். நம் பக்கத்தில் 70 வயதுப் பெரியவரை யார் பெயர் சொல்லி அழைத்திருக்கிறார்கள்? அட்டையில் எழுதிய முழுப்பெயர் அவர் செவிக்கே அந்நியமாக இருக்கும். அதற்கு அவர் கண் திறக்கவில்லை என்று கழித்தல் 4 இட்டுவிட்டால் கணக்கே தவறிவிடும். ஆகவே வீட்டில் அவரை எப்படி அழைப்பார்கள் என்று செவிலியர் முதலில் கேட்டறிய வேண்டும். காது கேட்குமா, எந்தக் காது என்றும் கேட்க வேண்டும். அந்நிய ஆடவர் தோளைத் தொடுவதை விரும்பாத மூதாட்டியானால், செவிலியர் அருகில் நின்று பார்க்க, மகளே தோளை அசைக்கலாம். "வாப்பா" என்றோ "உம்மா" என்றோ பெற்ற பிள்ளை அழைத்து, 10 வினாடி அந்தக் கண்கள் திறந்திருக்கின்றனவா என்று செவிலியர் மனத்துள் எண்ணிக்கொண்டிருப்பார்.